இரண்டு விசில்

அந்தக் காருக்கு வயது இருபத்தாறு. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது சாவியைத் திருப்பினால், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் பிள்ளை மாதிரி முதல் திருப்பிலேயே எழுந்துவிடும். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு எங்காவது நிறுத்தி அணைத்தால் போச்சு. மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் கிறுகிறுவென்று சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கெஞ்சினாலும் பிடிக்காது, திட்டினாலும் பிடிக்காது. இருபது நிமிடம் போனதும், கோபம் தணிந்த சம்பந்தி மாதிரி, ஒன்றுமே நடக்காத பாவனையில் கிளம்பும்.

இருபது நிமிடம் மற்றவர்களுக்குப் பெரிதில்லை. அவளுக்குப் பெரிது. ஒரு பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஒன்பதரைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். நேரம் தப்பினால் மறுநாள் போய் இன்னொரு தடவை குத்த வேண்டும். இரண்டாம் தடவை குத்த வந்தவளை யாரும் வாங்க உட்காருங்க என்று சொல்வதில்லை.

அவளுடைய அண்ணன் மெக்கானிக். மூன்று மாதமாக அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பெட்ரோல் இழுக்கும் பம்பை மாற்றினான். குழாயை இன்ஜினிலிருந்து தள்ளிக் கட்டினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னான்.

"அணைச்சாத்தானே பிரச்சினை? அணைக்காதே. ஒன்பது வீடு முடியற வரைக்கும் இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கட்டும். நான் அதுக்குள்ள வேற என்னன்னு பார்க்கறேன்."

"எவனாவது ஓட்டிட்டுப் போயிட்டா?"

"இந்த வண்டியையா? முதல் சிக்னல்ல அணைச்சான்னா அங்கேயே விட்டுட்டு நம்ம வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போவான். அதான் உள்ளே உன் மாமா இருக்காரே, காவலுக்கு."

மாமா, அதாவது அவள் கணவனின் அப்பா, முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடமாக நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. வீட்டில் தனியாக விட்டால் டூட்டி சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். டிப்போ இருந்த இடத்தில் இப்போது கட்டில் மெத்தை விற்கிறார்கள். ஒருநாள் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனார். அன்றிலிருந்து அவளோடு காரில் முன் இருக்கையில் வருகிறார். அவர் கணக்கில் அது பஸ், அவள் கண்டக்டர். கண்டக்டர் ஏன் ஸ்டியரிங் பிடிக்கிறாள் என்று ஒருமுறை அவரே கேட்டு, "ஆள் பத்தாக்குறை, என்ன செய்வாங்க பாவம்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கணவனுக்கு வெளியூரில் கிடங்கு வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான், தினமும் மாலையில் போன் செய்வான். நாத்தனார் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருந்தாள். "அப்பாவால ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அன்னிக்கே கொண்டுபோய் விட்டுடணும்" என்று கணவனும் நாத்தனாரும் பேசி முடித்திருந்தார்கள். ஒருநாள் நாத்தனாரோடு அவளும் போய் அந்த இடத்தைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் ஒரு ஜன்னல்கூட ரோட்டுப் பக்கம் இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "இதெல்லாம் ஒரு காரணமா?" என்பார்கள். அவளுக்கு அது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

ஓடுகிற இன்ஜினையும் முப்பத்தோரு வருட டிரைவரையும் ஒரே வண்டியில் விட்டுப் போக அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்றால், விசிலிலிருந்து. இன்ஜினை அணைக்காமல் விட ஆரம்பித்த முதல் வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்து வண்டியை எடுத்தபோது மாமா சீறினார்.

"விசில் குடுக்காம வண்டியை எடுக்கறே? எவனாவது படியில காலை வெச்சிருந்தா? ஒரு விசில் நின்னுக்கோ, ரெண்டு விசில் கிளம்பு. இதுகூடத் தெரியாம உனக்கு எவன் வேலை குடுத்தான்?"

மறுநாளே ஒரு விசில் வாங்கி அடையாள அட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பியதும் இரண்டு ஊது ஊதுவாள். "ரைட், போலாம்" என்பார். ஊதாமல் அரை மணி நேரம் ஆனாலும் கையை மடியில் வைத்தபடி கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று நாள் மறைந்து நின்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். மூன்று வாரம் அந்த நம்பிக்கையில் ஓடியது.

செவ்வாய்க்கிழமை ஆறாவது வீடு. அடுக்குமாடியில் மூன்றாவது தளம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், நரம்பு கைக்குச் சிக்காத மனிதர். இரண்டு நிமிடம் தடவித் தேடி, ஊசியைச் செலுத்தி, முதல் குழாயில் ரத்தம் இறங்க ஆரம்பித்தபோது கீழே கேட்டருகில் விசில் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு லாரி பின்பக்கமாக வெளியேறிக்கொண்டிருந்தது. காவல்காரர் நிறுத்தச் சொல்லி ஒன்று ஊதினார். பிறகு போகச் சொல்லி இரண்டு ஊதினார்.

அவள் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. ஊசி இன்னும் வாத்தியார் கையில் இருந்தது. இன்னும் ஒரு குழாய் நிறைய வேண்டும். கீழே ஒரு கியர் விழுந்தது. இருபத்தாறு வயதுக் காரின் முதல் கியர் எப்படிக் கரகரத்து விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னம்மா, ஜன்னலையே பார்க்கறே?" என்றார் வாத்தியார்.

"ஒண்ணுமில்லை சார். அசையாதீங்க."

இரண்டாவது குழாய் நிறைய நாற்பது வினாடி ஆனது. எண்ணிக்கொண்டிருந்தாள். ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்தி, "நீங்களே பிடிச்சுக்குங்க" என்று சொல்லி, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கியபோது செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரியவர் இப்பத்தான் எடுத்துட்டுப் போனாரும்மா" என்றார் காவல்காரர். "என்ன அழகா எடுத்தாரு தெரியுமா? இண்டிகேட்டர் போட்டு, எனக்குக் கை காட்டி..."

அந்தத் தெரு நேராகப் போய் ஒரு பள்ளிக்கூட வாசலில் திரும்பும். மணி ஏழே முக்கால். பிள்ளைகள் சாரை சாரையாகச் சாலையைக் கடக்கும் நேரம். ஒரு காலில் செருப்போடு அவள் ஓடினாள். பள்ளிக்கூட வாசலில் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டம் எதையாவது சுற்றி நிற்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிள்ளைகள் தம் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் போனார்கள். அவள் அடுத்த முனையை நோக்கி ஓடினாள்.

அடுத்த முனையில், பஸ் நிறுத்தத்தில், நடைபாதையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, கோடு போட்டாற்போல் கார் நின்றிருந்தது. பானட் திறந்திருந்தது. மாமா தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பம்பின்மேல் போர்த்திக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி வழியாப் போகும்னு சொன்னாரு" என்றாள் அந்த அம்மாள். "அப்புறம் டைம் ஆகலைன்னு அணைச்சாரு. இப்ப கிளம்ப மாட்டேங்குது."

மாமா அவளைப் பார்த்தார். "கண்டக்டர், எங்கே போயிட்டே? ஆள் ஏறியாச்சு, டிக்கெட் குடுக்க ஆளைக் காணோம். வண்டி வேற சூடாயிடுச்சு. இரு, ஈரத்துணி போட்டிருக்கேன், சரியாயிடும்."

இருபது நிமிடத்தில் சரியாகித்தான் விட்டது.

*

மதியம் பட்டறையில் அண்ணனிடம் சொன்னாள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அணைக்காதே என்று சொன்னவன் அவன்தான். அதை அவள் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் அது ஒரு மூன்றாவது ஆள் போல உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"சொன்னா நாளைக்கே இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. வண்டியைச் சரி பண்ணு அண்ணா. இனிமே சாவி என் கையில இருக்கணும். அது போதும்."

"மூணு மாசமா பண்ணாததை ஒரு நாள்ல பண்ணச் சொல்றே."

"ரெண்டு நாள். லேப்ல புதன்கிழமை லீவு சொல்லியிருக்கேன்."

மாலையில் கணவன் போன் செய்தான். "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டான். "நல்லா இருக்கார், சாப்பிட்டார்" என்றாள். இரண்டும் உண்மை. போனை வைத்த பிறகு அந்த இரண்டு உண்மைகளும் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் குத்தின.

மாமா நாற்காலியில் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டைப் பார்த்தபடி அவள் சும்மா இருந்தாள். வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற வைத்தியம் அந்தத் துண்டு. வண்டி நின்றால் மாமா இறங்குவார், தண்ணீர்க் குழாயைத் தேடிப் போவார், நனைப்பார், பிழிவார், உதறுவார், பம்பின்மேல் போடுவார். வண்டி கிளம்பும். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது, துணி குளிர்விக்கிறது என்று அண்ணன் அதற்கு விளக்கமும் சொல்லியிருந்தான். அதனால்தான் பம்பை மாற்றினான், குழாயை நகர்த்தினான், மூன்று மாதம் பெட்ரோல் போகிற வழியிலேயே சுற்றிச்சுற்றி வந்தான். பம்பு மாறிய பிறகும் துண்டு வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அவள் தன் பைகளைக் கவிழ்த்து, பழைய வேலைத் தாள்களை எடுத்தாள். ஒவ்வொரு ரத்தக் குழாயின் மீதும் எடுத்த நேரத்தை எழுதுவது அவள் வேலையின் முதல் பாடம். தாமதமானால் தாளில் காரணம் எழுத வேண்டும். அவள் எதையும் அரைகுறையாக எழுதுகிறவள் இல்லை. 'வண்டி அணைத்தது 7.10, கிளம்பியது 7.31.' 'வண்டி அணைத்தது 6.48, கிளம்பியது 7.08.' இப்படிப் பதினொரு இடம். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாள். பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது, இருபது. ஒரு நாளுக்கு நேரே, 'தண்ணீர் கிடைக்கவில்லை, மாமா துண்டு போடவில்லை' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. அன்று இருபது நிமிடம். இன்னொரு நாள் மாமா காய்ச்சலில் இறங்கவே இல்லை. அன்று இருபத்தொன்று. மழை கொட்டிய ஒரு நாள் மட்டும் பன்னிரண்டு.

துண்டு போட்டாலும் இருபது, போடாவிட்டாலும் இருபது. வைத்தியம் செய்தது துண்டு இல்லை. துண்டை நனைத்துவர மாமாவுக்கு ஆகிற நேரம்.

*

புதன்கிழமை பட்டறையில் தாளை நீட்டினாள். அண்ணன் இரண்டு தடவை படித்தான்.

"அப்ப பெட்ரோலே இல்லைங்கிறியா?"

"எனக்குத் தெரியாது. துணியால இல்லைன்னு மட்டும்தான் தெரியும். நீ இதுவரைக்கும் வண்டி நின்ன நேரத்துல பார்த்திருக்கியா?"

அவன் பார்த்ததில்லை. அவள் போன் செய்து அவன் பைக்கில் வந்து சேர்வதற்குள் வண்டி எப்போதும் கிளம்பிவிடும். நோயாளி எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகே டாக்டர் வந்திருக்கிறார்.

வண்டியைப் பட்டறையிலேயே முக்கால் மணி நேரம் ஓடவிட்டார்கள். அணைத்தார்கள். ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். சாவியைத் திருப்பியதும், கேட்டுப் பழகிய அதே கிறுகிறு. அண்ணனின் கை தன்னையறியாமல் ஈரத்துணியைத் தேடிப் போனது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எதையும் செய்யாதே. இப்படியே பாரு."

கார்புரேட்டரின் வாயில் நேரடியாகக் கொஞ்சம் பெட்ரோல் விட்டான். பிடிக்கவில்லை. பிளக்கிலிருந்து ஒயரை உருவி, இன்ஜின் இரும்புக்கு அருகே பிடித்து, அவளைச் சாவி திருப்பச் சொன்னான். குளிர்ந்த வண்டியில் அந்த இடைவெளியில் நீலப்பொறி சடசடவென்று குதிக்கும். இப்போது ஒன்றுமே இல்லை. அவன் ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்த்தான். ஒரே ஒருமுறை மஞ்சளாக ஏதோ மினுங்கி மறைந்தது.

பம்புக்கு ஒரு முழம் தள்ளி, பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் காயில் உருளையாக உட்கார்ந்திருந்தது. கையை வைத்தவன் சுட்டுக்கொண்டு இழுத்தான். ஓரமாக நின்ற இன்னொரு பழைய காரிலிருந்து காயிலைக் கழற்றி இதில் மாட்டினான். சாவியைத் திருப்பியதும், கொதிக்கிற அந்த இன்ஜின், அதே சூட்டில், முதல் திருப்பிலேயே பிடித்தது.

 பட்டறையின் நிழலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமா "ரைட்" என்றார்.

"அணைச்சதும் காத்து நின்னுபோகுது, உள்ளே இருக்கிற சூடெல்லாம் காயில்ல ஏறுது, செத்துப்போகுது. ஆறினா உயிர் வருது" என்றான் அண்ணன். பிறகு சிரிக்க முயன்றான். "மூணு மாசமா பல்வலிக்குக் கால்ல கட்டுப் போட்டிருக்கேன்."

"துணி போட்டா கிளம்புச்சே, நீ என்ன பண்ணுவே."

"அதான். கிளம்புச்சு."

புதுக் காயில் வாங்கி மாட்டினான். அன்று எட்டுமுறை சூடாக்கி அணைத்துப் பார்த்தார்கள். எட்டுமுறையும் கிளம்பியது. வீட்டுக்குப் போகும்போது அவளுக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. பல நாளாக அப்படி வந்ததில்லை.

*

வியாழக்கிழமை முதல் வீடு. வண்டியை அணைத்தாள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டாள். "மாமா, அஞ்சு நிமிஷம்."

ஏழு நிமிடத்தில் திரும்பியபோது முன் இருக்கை காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

தெருக்கோடியில், திரும்பும் இடத்தில், பெரிய சாலையை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்த முதுகைக் கண்டுபிடித்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் கோபப்படவில்லை.

"அணைச்சாச்சேம்மா. ட்ரிப் முடிஞ்சது. டிப்போவில கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. மூன்று வாரமாக அவரை இருக்கையில் உட்கார வைத்திருந்தது விசில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின். இன்ஜின் ஓடுகிற வண்டியை விட்டு எந்த டிரைவரும் இறங்க மாட்டான். அதற்கு முன்பெல்லாம், அணைத்தால் கிளம்பாத வண்டியும் நனைக்க வேண்டிய துண்டும் அவரை அங்கேயே கட்டிப்போட்டிருந்தன. அவள்தான் விசிலை நம்பினாள், அண்ணன் ஈரத்துணியை நம்பியது போல.

"டிப்போ இடம் மாறிடுச்சு மாமா" என்றாள். "இப்பல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கையெழுத்துப் போடணும். என்கூட வாங்க."

இரண்டாவது வீட்டில் அவரையும் உள்ளே அழைத்துப் போனாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தை எழுதி, வேலைத் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வீட்டுக்காரர் சிரித்தார். மூன்றாவது வீட்டில் சிரிக்கவில்லை.

"இவர் யாரு? எங்க வீட்டுக்குள்ள எதுக்கு?" என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

"என் மாமா. வாசல்லயே நிப்பார். ரெண்டு நிமிஷம்தாங்க."

வாசலில் நிற்கும் மாமாமேல் ஒரு கண்ணும் நரம்பின்மேல் ஒரு கண்ணுமாக ஊசியைச் செலுத்தினாள். தவறியது. ஆறு வருட வேலையில் இவ்வளவு நல்ல நரம்பை அவள் தவறவிட்டதில்லை. தோலுக்கடியில் நீலமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் மறு கையை நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வண்டிக்கு வந்து உட்கார்ந்து, சாவியைப் போடாமல் போனை எடுத்தாள். கணவன் வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்ன ஆச்சு?"

"செவ்வாய்க்கிழமை ஒண்ணு ஆச்சு. நான் முடிக்கிற வரைக்கும் பேசாதீங்க."

பள்ளிக்கூட வாசலை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. விடவில்லை. பஸ் நிறுத்தம், பின் இருக்கை அம்மாள், துண்டு, இன்றைக்குக் காலையில் தெருக்கோடி எல்லாவற்றையும் வரிசையாக, நேரத்தோடு சொன்னாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒரு டிரைவரைப் பற்றிய புகாரைக் கேட்பது போல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் கிடங்கில் ஏதோ இறக்கும் ஓசை கேட்டது.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்கதான் சொல்லணும். ஆனா அந்த இடத்துல ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லைங்க."

அவள் எதிர்பார்த்த வார்த்தை வரவில்லை. 

"சனிக்கிழமை வர்றேன். ரெண்டு நாள் நான் பின்னாடி உட்கார்ந்து வர்றேன். பார்க்கறேன். அதுக்கப்புறம் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியலை. சம்மதமா?"

"சம்மதம்."

"அப்பாகிட்ட குடு."

மாமா போனைக் காதில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "டிப்போவா? லேட்டாதான் போயிட்டிருக்கோம். வண்டி மேல தப்பில்லை, வண்டி நல்லாருக்கு. கண்டக்டர் புதுசு." போனைத் திருப்பிக் கொடுத்தார். "சீக்கிரம் வாங்கன்னு சொல்றான்."

மணி ஏழு இருபது. இன்னும் ஆறு வீடு. பின் இருக்கைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சாவியைத் திருப்பினாள். சூட்டோடு சூடாக இன்ஜின் பிடித்துக்கொண்டது. மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அவள் கியரைத் தொட்டபோது, திரும்பாமலே சொன்னார்.

"விசில்."

அவள் இரண்டு ஊதினாள்.